இடம் நிரம்பிவிட்டது

பேருந்தில் பணிபுரியும் இருவருள் ஓட்டுநரை எல்லாரும் மதிப்பர். நடத்துநரையோ உதவியாளரையோ நாம் அந்த அளவுக்கு எண்ணிப் பார்ப்பதில்லை. ஆயினும் வண்டியைக் காப்பவர் ஓட்டுநர் என்றால், வண்டிக்குள் இருக்கும் மனிதரைக் காப்பவர் இவரே. ஏறும் முதியவரின் கையைப் பற்றுவதும், இறங்கும் பிள்ளை சாலையைக் கடந்துவிட்டதா என்று பார்த்த பின்னரே விசில் கொடுப்பதும் இவருடைய கடமைகள். 2012ஆம் ஆண்டு, சென்னையை அடுத்த ஒரு பகுதியில், பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி உயிரிழந்தாள். அத்துயரத்திற்குப் பின் தமிழக அரசு பள்ளிப் பேருந்துகளுக்கெனச் சிறப்பு விதிகளை வகுத்தது. ஒவ்வொரு வண்டியிலும் ஓர் உதவியாளர் இருத்தல் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று.

அவ்வுதவியாளர் யாராக இருக்க வேண்டும் என்பதை விதிகளைக் கொண்டு மட்டும் நாம் முடிவு செய்கிறோமா? இக்கேள்வியை ஏட்டறிவிலிருந்து எழுப்பவில்லை. நாம் செய்த ஒரு பிழையிலிருந்தே எழுப்புகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், நாம் பொறுப்பு வகித்த ஒரு பங்கின் பள்ளிப் பேருந்திற்கு உதவியாளர் ஒருவர் தேவைப்பட்டார். பிள்ளைகள் 'ஆயா' என்று அழைக்கும் பணி அது. விண்ணப்பித்தோர் ஐவர். அவர்களுள் ஒரு பெண்மணி எட்டு ஆண்டுகள் அங்கன்வாடியில் உதவியாளராக இருந்தவர். அழும் குழந்தையை எப்படித் தூக்குவது, வாந்தி எடுக்கும் குழந்தையை எந்தப் பக்கம் அமர்த்துவது என்பதெல்லாம் அவருக்குப் பழக்கம். மற்ற நால்வருக்கும் அத்தகைய அனுபவம் இல்லை. ஆனால் அவர் ஊரின் தெற்குத் தெருவைச் சேர்ந்தவர், தலித் கிறித்தவர்.

பள்ளிக் குழுவினர் கூடினர். அவர்கள் தீயவர்கள் அல்லர். ஞாயிறு திருப்பலிக்குத் தவறாதவர்கள். "எங்களுக்கு ஒரு தடையும் இல்லை, சாமி. பெற்றோர்தாம் ஏற்க மாட்டார்கள். நாலு பேர் பிள்ளைகளை நிறுத்திவிட்டால் பள்ளிக்குத்தானே நட்டம்?" என்றார் ஒருவர். "வேண்டுமானால் பள்ளியில் துப்புரவு வேலைக்குப் போட்டுக்கொள்ளலாமே" என்றார் மற்றொருவர். நாம் வாதிடவில்லை. மறுநாள் அப்பெண்மணி வந்து கேட்டபோது, "இடம் நிரம்பிவிட்டது, அம்மா" என்றோம். அந்நேரம் இடம் நிரம்பியிருக்கவில்லை. அவர் நம்மை ஒரு கணம் நோக்கினார். "சரிங்க சாமி" என்று சொல்லிவிட்டுச் சென்றார்.

பின்னர் ஒருநாள், இங்கிலாந்தில் நிகழ்ந்த ஒரு போராட்டத்தின் வரலாற்றைப் படிக்க நேர்ந்தது. நம் பங்கில் நடந்ததையே வேறு நாட்டில், வேறு நிறத்தில் கண்டது போலிருந்தது.

பிரிஸ்டல் என்பது இங்கிலாந்தின் மேற்கிலுள்ள துறைமுக நகரம். 1963ஆம் ஆண்டு அங்கே ஏறத்தாழ மூவாயிரம் மேற்கிந்தியத் தீவினர் வாழ்ந்தனர். நகரப் பேருந்துகளை இயக்கிய நிறுவனத்திற்கு ஆட்கள் போதவில்லை. ஆயினும் கறுப்பினத்தவரையோ ஆசியரையோ ஓட்டுநராகவும் நடத்துநராகவும் அது அமர்த்தவில்லை. பணிமனையிலும் உணவகத்திலும் குறைந்த ஊதிய வேலைகளுக்கு அவர்களை வைத்துக்கொண்டது. பயணிகளின் கண்ணில் படாத இடத்தில் அவர்கள் உழைக்கலாம். பயணியின் கையிலிருந்து காசு வாங்கிச் சீட்டுக் கொடுக்கக் கூடாது. நம் குழுவில் ஒருவர் சொன்ன துப்புரவு வேலையை இவ்விடத்தில் நினைத்துப் பார்த்தோம்.

பால் ஸ்டீபன்சன் என்னும் இளைஞர் நல அலுவலர் இதனை வெளிப்படுத்த முனைந்தார். கய் பெய்லி என்னும் பதினெட்டு வயது ஜமைக்கா இளைஞருக்காக நேர்காணல் ஒன்றைத் தொலைபேசியில் உறுதி செய்தார். பெய்லி மாலை வகுப்புகளில் படித்து வந்தவர். 'பாய்ஸ் பிரிகேட்' என்னும் கிறித்தவச் சிறுவர் அமைப்பில் பொறுப்பாளர். வேலைக்கு வேண்டிய தகுதி எதிலும் அவருக்குக் குறைவில்லை. ஆனால் அவர் மேற்கிந்தியர் என்று தெரிந்ததும் நேர்காணல் இல்லையென்றாயிற்று. அலுவலகத்தில் தமக்குக் கிடைத்த விடை, இடங்கள் நிரம்பிவிட்டன என்பதே எனப் பெய்லி பின்னாளில் நினைவுகூர்ந்தார். நாம் சொன்ன அதே சொற்கள்!

1963 ஏப்ரல் 30 முதல் மேற்கிந்திய மக்கள் பேருந்தில் ஏறுவதை நிறுத்தினர். மறுநாள் பல்கலைக்கழக மாணவர்கள் ஊர்வலம் சென்றனர். நான்கு மாதங்கள் போராட்டம் நீடித்தது. ஆகஸ்டு 28ஆம் நாள், இனிமேல் நிறப் பாகுபாடு இராது என்று நிறுவனம் அறிவித்தது. வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் தம் கனவைக் குறித்து உரையாற்றிய நாளும் அதுவே. செப்டம்பர் 17ஆம் நாள், ரக்பீர் சிங் என்னும் சீக்கியர் அந்நகரின் வெள்ளையரல்லாத முதல் நடத்துநராகப் பணியேற்றார். சில நாள்களில் ஜமைக்கர் இருவரும் பாகிஸ்தானியர் இருவரும் அவரோடு சேர்ந்தனர்.

இவ்வரலாற்றில் நம்மை நிறுத்திச் சிந்திக்க வைப்பது வெற்றியன்று. அதுவரை அநீதி எவ்வாறு நிலைபெற்றிருந்தது என்பதே. தொழிலாளர் விலகிவிடுவர் என்றது நிருவாகம். எங்களிடம் பாகுபாடு இல்லை, ஆள் எடுப்பது நிருவாகத்தின் வேலை என்றது தொழிற்சங்கம். ஆனால் வெள்ளையரல்லாதாரைப் பேருந்துப் பணியாளராக ஏற்பதில்லை என்று அதன் உள்ளூர்க் கிளை 1955ஆம் ஆண்டிலேயே தீர்மானம் இயற்றியிருந்தது. தொழிலாளரைக் கேட்டால், ஊதியம் குறைவு, மிகைநேர வேலையை நம்பித்தான் குடும்பம் ஓடுகிறது, புதியவர் வந்தால் அதுவும் போய்விடும் என்றனர். ஒவ்வொருவர் கையும் தூய்மையாக இருந்தது; ஒவ்வொருவரும் அடுத்தவரைச் சுட்டினர். உரிமையாளர் இல்லாத பாவம் அது. ஆனால் அதனைச் சுமந்தவர் மட்டும் இருந்தார்.

'எனக்குத் தடையில்லை, பிறர்தாம் ஏற்க மாட்டார்' என்னும் சொல்லை நாம் இன்னும் ஆழ்ந்து நோக்க வேண்டும். அதில் ஓரளவு நியாயமும் உண்டு. பள்ளியை நடத்துபவன் பெற்றோரின் மனத்தை மதிக்க வேண்டாமா? பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியருக்கு ஊதியம் எங்கிருந்து வரும்? விவேகம் என்பதும் ஒரு நற்பண்புதானே? இக்கேள்விகளை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. பொறுப்பில் இருப்பவன் விளைவுகளை எண்ணாமல் செயல்படுதல் அறமாகாது.

ஆயினும் ஒரு வேறுபாட்டைக் காண்க. பெற்றோரின் அச்சம் இருவகைப்படும். 'இவர் என் பிள்ளையைக் கவனமாகப் பார்த்துக்கொள்வாரா?' என்பது முதல் வகை. அதனை ஆராய்ந்து பார்க்கலாம், அனுபவத்தைக் கேட்கலாம், சில வாரம் வேலையில் வைத்துச் சோதிக்கலாம். 'இவர் இன்ன தெருவில் பிறந்தவராயிற்றே' என்பது இரண்டாம் வகை. இதனை எந்தச் சோதனையாலும் போக்க முடியாது. ஏனெனில் அவர் எதைச் செய்தாலும் பிறப்பு மாறாது. முதல் வகை அச்சத்திற்குச் செவிசாய்ப்பது விவேகம். இரண்டாவதற்குச் செவிசாய்ப்பது அடிபணிதல். இவ்விரண்டையும் 'பெற்றோர் கருத்து' என்னும் ஒரே பையில் போட்டுக் கட்டியதே நம் பிழை.

வரப்போகும் நட்டத்தை முன்னுரைப்போர் பெரும்பாலும் அதனை அளந்து பார்த்ததில்லை. நாமும் ஒரு பெற்றோரையேனும் கேட்கவில்லை. பிரிஸ்டலில் கூறப்பட்ட முன்னறிவிப்புகளுக்குப் பின்னும் பேருந்துகள் ஓடத்தான் செய்தன. ஒருவேளை நட்டம் வரத்தான் செய்யும் என்றே வைத்துக்கொள்வோம். அந்த நட்டத்தை யார் ஏற்பது? பிறருடைய வெறுப்புக்கான விலையை, வெறுக்கப்பட்டவரே தம் வேலையை இழந்து செலுத்த வேண்டும் என்பது எந்த நீதி?

பிரிஸ்டலின் கிறித்தவ சபைகள் என்ன செய்தன என்பதை அறிய நாம் ஆவலுற்றோம். அங்கிருந்த சபைகளின் மன்றம் சமரசம் பேச முன்வந்தது. ஆனால் பூசல் எழக் காரணம் மேற்கிந்தியருள் ஒரு சிறு குழுவினரே என்பது போலவும் அது வருந்தியது. அறிக்கை எழுதியவர்கள் நல்லெண்ணம் உடையவர்களாகவே இருந்திருப்பர். அவர்கள் விரும்பியது அமைதி. நாமும் அதைத்தான் விரும்பினோம். ஆனால் அமைதியைக் குலைப்பவர் யார்? கதவைச் சாத்தியவரா, சாத்திய கதவைத் தட்டியவரா? தட்டும் ஓசை காதில் விழுகிறது. சாத்தியபோது ஓசை எழவில்லை. ஆகவே தட்டுபவரையே நாம் குற்றவாளியாகக் காண்கிறோம்.

அதே ஏப்ரல் மாதம் 11ஆம் நாள்தான் திருத்தந்தை 23ஆம் யோவான் 'பாச்செம் இன் தெரிஸ்' என்னும் சுற்றுமடலை வெளியிட்டிருந்தார். மனித மாண்பின் மீது எழுப்பப்படாத அமைதி அமைதியாகாது என்பதே அம்மடலின் உட்கிடை. இரண்டாம் வத்திக்கான் சங்கமோ 1965ஆம் ஆண்டு, 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டில், இனம், நிறம், சமுதாய நிலை முதலியவற்றால் எழும் பாகுபாடுகளை இறைத்திட்டத்திற்கு முரணானவை என்று விலக்கியது. குருமடத்தில் இப்பகுதிகளைப் படித்துத் தேர்வு எழுதியவர்கள் நாம். தேர்வில் எழுதியதை, ஆயா வேலைக்கு ஆள் எடுக்கும் நாளில் மறந்தோம்.

சட்டம் இருந்தால் போதும் என்பாரும் உளர். 1963இல் பேருந்து நிறுவனம் செய்தது அந்நாட்டுச் சட்டப்படி குற்றமன்று. 1965இல் வந்த இன உறவுச் சட்டமும் வேலைவாய்ப்பைத் தொடவில்லை. 1968ஆம் ஆண்டுச் சட்டமே தொட்டது. சட்டம் மெதுவாகத்தான் வரும். நம் நாட்டிலோ, அரசமைப்பின் 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்துவிட்டது. எனினும் 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறித்தவராகிய தலித்துகள் பட்டியல் சாதியினராகக் கருதப்படுவதில்லை. அதாவது, கிறித்தவர் என்பதால் அரசு ஒரு கதவை அடைக்கிறது. தலித் என்பதால் கிறித்தவர்களாகிய நாம் மற்றொன்றை அடைக்கிறோம். முதற் கதவைத் திறக்கக் கோரி நாம் கையெழுத்து இயக்கம் நடத்துகிறோம். இரண்டாம் கதவின் சாவி நம் சட்டைப் பையிலேயே இருக்கிறது.

திராட்சைத் தோட்ட உவமையை நாம் பலமுறை மறையுரையில் விளக்கியிருக்கிறோம். மாலைவரை சந்தைவெளியில் நின்றவர்கள், தங்களை வேலைக்கு அழைக்க எவரும் வரவில்லை என்கிறார்கள். தலைவரின் தாராளத்தைப் பற்றியே நாம் பேசினோம். அவர்களை ஏன் எவரும் அழைக்கவில்லை என்று ஒருநாளும் கேட்டதில்லை.

நம் பொய்யைப் பற்றியும் ஒரு சொல். 'இடம் நிரம்பிவிட்டது' என்று ஏன் சொன்னோம்? உண்மைக் காரணத்தை அவர் முகத்துக்கு நேரே சொல்ல நா எழவில்லை. ஒருவரை மறுக்கும் காரணம் நேர்மையானதாயின் அதை அவரிடமே சொல்லலாம். 'உங்களுக்குக் கண் பார்வை போதவில்லை, அம்மா' என்று வருத்தத்தோடு கூறிவிடலாம். அவரிடம் சொல்லக் கூசும் காரணம் நம்மிடமும் செல்லக்கூடாத காரணமே. வேலைக்கு ஆள் எடுப்போர் அனைவருக்கும், கடை வைத்திருப்போர்க்கும் வீடு வாடகைக்கு விடுவோர்க்கும்கூட, இந்த ஓர் உரைகல் போதும் என்று எண்ணுகிறோம்.

அடுத்த ஆண்டு அப்பணியிடம் மீண்டும் காலியாயிற்று. இம்முறை நாம் தெற்குத் தெருவுக்கே சென்றோம். முந்தைய ஆண்டு சொன்னது பொய் என்பதை அவரிடம் கூறி மன்னிப்புக் கேட்டோம். அவர் வியப்படையவில்லை. "அன்றைக்கே தெரியும், சாமி" என்றார். பிறகு, "இப்ப மட்டும் பெற்றோர் ஒத்துக்கொள்வாங்களா?" என்று கேட்டார். "கேட்கவில்லை, அம்மா. கேட்பதாகவும் இல்லை" என்றோம். இரண்டு நாள் கழித்து வேலைக்கு வந்தார். இரு வீட்டார் தம் பிள்ளைகளை வேறு வண்டிக்கு மாற்றினர். மற்றவர்கள் மாற்றவில்லை.

இதனை வெற்றியாக எழுத நமக்கு மனம் ஒப்பவில்லை. பிரிஸ்டலில் அத்தொழிற்சங்கத்தின் வழித்தோன்றலான அமைப்பு மன்னிப்புக் கேட்டது 2013ஆம் ஆண்டில். ஐம்பது ஆண்டுகள் சென்ற பின்னர். நாம் ஓராண்டில் கேட்டோம். ஆனால் அவ்வோராண்டில் அவர் இழந்த ஊதியத்தை எவரும் அவருக்குத் திருப்பித் தரவில்லை. திருடியதைத் திருப்பிக் கொடுக்காமல் ஒப்புரவு நிறைவு பெறாது என்று ஒப்புரவுத் தொட்டியில் அமர்ந்து பிறருக்குச் சொல்பவர்கள் நாம். அந்தக் கணக்கு இன்னும் தீராமலே இருக்கிறது. ஒவ்வொரு மாலையும் பேருந்திலிருந்து பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கைபிடித்து அவர் இறக்கிவிடுவதைக் காணும்போதெல்லாம் அது நம் நினைவுக்கு வந்தது.