தூசிக்குக் கூலி

ஒரு பொருள் பழுதாகிவிட்டது. திறந்து பார்த்தவன் உள்ளே அடைந்திருந்த தூசியைத் தட்டித் துடைத்தான், பொருள் சரியாகிவிட்டது. புதிதாக அவன் எதையும் மாட்டவில்லை. முழுசாக ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அவனுக்கு என்ன கூலி கொடுப்பது நியாயம்?

அற்பமான கேள்விதான். ஆனால் நம்முடைய நியாய உணர்ச்சி எந்த இடத்தில் நொண்டுகிறது என்று தெரிந்துகொள்ள, மகாபாரதத்துத் தர்மசங்கடங்களைத் தேடிப் போகவேண்டியதில்லை. இந்த ஒரு மணி நேரத்தை உற்றுப் பார்த்தாலே போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பழைய கம்ப்யூட்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேஜைமேல் திரையும் காலடியில் பெட்டியுமாக, பத்துப் பன்னிரண்டு வருஷங்களுக்கு முன்னால் கடையில் இருந்ததிலேயே குறைந்த விலைக்கு வாங்கியது. பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறையில், மனுக்களும் ஒப்பந்தங்களும் டைப் செய்து கொடுத்துப் பிழைக்கிற ஓர் அம்மாளுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். கத்திரி வெயில். காலையில் யந்திரம் ஒழுங்காகத்தான் ஓடுகிறது. பதினொரு மணிக்கு மேல் உள்ளே விசிறி இரைய ஆரம்பிக்கிறது. அப்புறம், ஒரு கிரயப் பத்திரத்தின் நடுவில், சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிடுகிறது. சற்றுப் பொறுத்துப் போட்டால் உயிர் வருகிறது. பத்து நிமிஷத்தில் மறுபடியும் போய்விடுகிறது.

இதில் மாயம் ஒன்றுமில்லை. பெட்டிக்குள் கணக்கெல்லாம் போடுகிற சில்லு தபால் தலையைவிடச் சிறியது. சாதாரண ரகத்தில்கூட அது 65 வாட் வரை மின்சாரத்தைத் தின்று, அவ்வளவையும் உஷ்ணமாகக் கக்கும். பழைய குண்டு பல்பு ஒன்றின் சூட்டை விரல் நுனியளவு இடத்தில் அடக்கினால் எப்படியோ, அப்படி. அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளச் சில்லின் தலைமேல் ஓர் அலுமினியக் கட்டி உட்கார்ந்திருக்கிறது. கட்டியில் சீப்புப் பல்லைப்போல மெல்லிய தகடுகள். அவற்றின்மேல் ஒரு சிறு விசிறி. தகடுகளின் ஊடே காற்று ஓடினால் சூடு வெளியேறும். நம் ஊரில் காற்று மட்டுமா ஓடுகிறது? தெருப் புழுதி, ஊதுவத்திப் புகை, காகிதத் தூள், தலைமயிர் எல்லாம் கூடவே ஓடுகின்றன. நாலைந்து வருஷத்தில் விசிறிக்கும் தகடுகளுக்கும் நடுவே கம்பளிபோல ஒரு படலம் படிந்துவிடும். போதாக்குறைக்குச் சிலர் பெட்டிக்கு ஜரிகைக் கரை வைத்த உறை தைத்துப் போட்டு, ஓடும்போதும் அதைக் கழற்றுவதில்லை. அன்பின் மிகுதி!

சில்லுக்கும் அலுமினியத்துக்கும் இடையில் ஒரு பசை உண்டு. இரண்டு பரப்புகளும் வழவழவென்று தோன்றினாலும் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்கள் அவற்றில் இருக்கின்றன. பள்ளங்களில் காற்று தங்கினால் சூடு சுலபத்தில் கடக்காது. அதை நிரப்பத்தான் பசை. வருஷம் போகப் போக அது உலர்ந்து சுண்ணாம்புக் காறை மாதிரி ஆகிவிடுகிறது. ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் அதைத் துடைத்தெடுத்துப் பச்சைப் பயறளவு புதுப் பசை வைக்கவேண்டும். கல்யாண வீட்டுச் சந்தனம்போல் அள்ளிப் பூசினால் பலன் குறையுமே தவிரக் கூடாது. கட்டியை நாலு மூலையிலும் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் ஊசிகளில் ஒன்று நழுவியிருந்தால், அதையும் 'டக்' என்று அழுத்திவிடவேண்டும். ஒரு பெயின்ட் பிரஷ், கொஞ்சம் ஸ்பிரிட், சின்னக் குழாயில் பசை. சாமான் செலவு சில நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும். விசிறியையே மாற்றினாலும் இன்னும் சில நூறு.

யந்திரம் தானாக அணைந்தது இருக்கிறதே, அது சாவு அல்ல. சில்லின் ரகத்தைப் பொறுத்து 70 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குள் ஓர் எல்லை உண்டு. சூடு அந்த எல்லையை நெருங்கினால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளவும், அதற்கும் அடங்காவிட்டால் அணைந்துவிடவும் உள்ளேயே ஏற்பாடு செய்திருக்கிறார்கள். 2000-இல் வந்த பென்டியம் 4 சில்லிலேயே இது இருந்தது. அதாவது, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அது மயங்கி விழுகிறது. மயங்கி விழுந்தவனுக்கு முகத்தில் தண்ணீர் தெளிப்பதா, பாடைக்குச் சொல்லி அனுப்புவதா?

அந்த அம்மாள் பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுபோகிறாள். கடைக்காரப் பையன் ஒருமுறை போட்டுப் பார்க்கிறான். அது அணைகிறது. பக்கத்துத் தகட்டைக் கழற்றாமலே சொல்கிறான்:

"போர்டு போயிடுச்சுக்கா. பழைய மாடல், சாமானே கிடைக்காது. இதுக்கு மேலே செலவு பண்றது வேஸ்ட். புதுசா ஒண்ணு போட்டுடுங்க."

"வேற வழியே இல்லையா தம்பி?"

"பார்க்கலாம்... ஆனா கியாரண்டி சொல்ல முடியாதுக்கா."

கதை எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம்: இந்த இடத்தில் அவனுக்கு ஒரு வில்லன் வேண்டும். பையனின் கையில் ஒரு தங்க மோதிரத்தையும் வாயில் ஒரு பாக்கையும் போட்டுவிட்டால் காரியம் முடிந்தது. ஆனால் கதையை விட்டுவிட்டு அந்தப் பையனின் கணக்கைப் பார்த்தால், அவ்வளவு சுலபமாக அவனைக் கூண்டில் ஏற்ற முடிவதில்லை.

அவன் உண்மையைச் சொல்கிறான் என்றே கொள்ளுங்கள். திறக்கிறான், துடைக்கிறான், பசை வைக்கிறான், மூடி ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்க்கிறான். "சரியாயிடுச்சுக்கா, ஐந்நூறு ரூபா கொடுங்க" என்கிறான். நம்மில் எத்தனை பேர் முகம் சுளிக்காமல் கொடுப்போம்? "என்னப்பா, தூசி தட்டினதுக்கா ஐந்நூறு?" என்றுதான் கேட்போம். வீட்டுக்கு வந்து, "அவன் பலே கைகாரன்" என்று பக்கத்து வீட்டிலும் சொல்லி வைப்போம். அதே பையன் ஆறாயிரம் ரூபாய்க்குப் புது போர்டு ஒன்றை மாட்டியிருந்தால்? அட்டைப் பெட்டியையும் ரசீதையும் வாங்கிக்கொண்டு சந்தோஷமாகத் திரும்பியிருப்போம். கையில் ஒரு பொருள் வந்துவிட்டதல்லவா!

பொருளுக்குப் பணம் கொடுக்க நமக்குத் தெரிந்திருக்கிறது. கண்ணுக்குக் கொடுக்கத் தெரியவில்லை. பத்து வருஷம் ஆயிரம் பெட்டிகளைத் திறந்து பார்த்ததால்தான் பதினைந்து நிமிஷத்தில் அவனால் நோயைக் கண்டுபிடிக்க முடிந்தது. நாமோ அந்தப் பத்து வருஷத்தை விட்டுவிட்டுப் பதினைந்து நிமிஷத்துக்கு மாத்திரம் கணக்குப் பார்க்கிறோம். உண்மை சொன்னவனுக்கு வசவும், பொய் சொன்னவனுக்கு ஆறாயிரமும் என்று ஏற்படுத்தி வைத்துவிட்டு, கடைக்காரர்களிடம் நேர்மை இல்லை என்று அங்கலாய்க்கிறோம். அந்தப் பொய்யில் நமக்குப் பங்கில்லையா?

'டாக்டருக்குப் பீஸ் கொடுக்கவில்லையா? அவர் மருந்து எழுதாமல் "உங்களுக்கு ஒன்றுமில்லை, போய் வாருங்கள்" என்றாலும் கொடுக்கிறோமே' என்று நீங்கள் கேட்கலாம். கொடுக்கிறோம், டாக்டரிடம் பேரம் பேச நமக்குப் பயம். வக்கீலுக்குக் கொடுக்கிறோம், வழக்குத் தோற்றாலும் கொடுக்கிறோம். ஜோசியருக்குத் தட்சிணை வைக்கிறோமே, எந்தக் கிரகத்தை அவர் கழற்றித் துடைத்து மாட்டினார்? ஆகவே, பார்த்துச் சொல்வதற்குக் கூலி உண்டு என்பது நமக்குத் தெரியாத சங்கதி அல்ல. கையில் அழுக்குப் படிந்தவனிடம் மாத்திரம் அது மறந்துபோகிறது. விரலில் பசை ஒட்டியிருந்தால் அது உடலுழைப்பு; உடலுழைப்பு என்றால் மணிக்கு இவ்வளவு; அதிலும் குறைத்துக் கேட்கலாம். மூளையும் விரலும் ஒரே ஆளிடம் இருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்ள இந்தத் தேசம் வெகு காலமாக மறுத்து வந்திருக்கிறது. அந்தப் பழைய வியாதிதான் கம்ப்யூட்டர் கடை வாசலிலும் வந்து நிற்கிறது.

ஆயுத பூஜை அன்று பாருங்கள். அந்தப் பெட்டிக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் கதம்பம். வெளியே பொட்டு வைக்கிற கை, நாலு திருகாணிகளைக் கழற்றி உள்ளே ஒரு பிரஷ் போட்டிருந்தால் கத்திரியில் அது மயங்கியிராது. அன்று ஒரு நாளாவது திறந்து துடைப்பதையே பூஜையாக வைத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. ஒன்று மட்டும்: மின்சார இணைப்பை முதலில் பிடுங்கிவிடவேண்டும்.

இப்படிச் சொல்வதால், பழசு எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு அழவேண்டும் என்று நான் சொல்வதாக எண்ணவேண்டாம். போர்டில் சின்னப் பீப்பாய்களைப்போல் நிற்கும் கெபாசிட்டர்கள் தலை உப்பி வீங்கியிருந்தால், அது தூசி சமாசாரம் அல்ல. சூடு அவற்றின் ஆயுளைத் தின்றுவிட்டது. பத்து டிகிரி சூடு ஏறினால் அவற்றின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகிறது என்று கணக்குச் சொல்வார்கள். மின்சாரம் பகிர்ந்தளிக்கிற எஸ்.எம்.பி.எஸ். கெட்டிருந்தால், இருப்பதிலேயே மலிவானதை மாட்டுவது சிக்கனம் அல்ல, விபத்துக்கு அழைப்பு. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோயின. பணம் வைத்திருக்கிற கணக்கை அப்படிப்பட்ட யந்திரத்தில் திறப்பது விவேகமல்ல. அதற்கும் லினக்ஸ் என்று இலவசமான மாற்று வழி இருக்கிறது. இவ்வளவையும் பார்த்த பிறகு, "போய்விட்டது" என்று சொன்னால் அது தீர்ப்பு. பாராமல் சொன்னால்?

அந்த அம்மாளுக்கு அது வெறும் பெட்டி அல்ல என்பதையும் பார்க்கவேண்டும். சந்தையில் அதற்கு ஆயிரம் ரூபாய்கூட வராது. ஆகையால் ஆயிரம் ரூபாய்ப் பொருளுக்கு ஐந்நூறு செலவா என்று கடைக் கணக்குக் கேட்கிறது. அந்தப் பெட்டியைக் கொண்டு அவள் மாச வாடகை கொடுக்கிறாள், பெண்ணைப் படிக்க வைக்கிறாள் என்பது அந்தக் கணக்கில் ஏறாது. அவள் கடன் வாங்கிப் புதியது போடுவாள். வட்டியும் அந்தக் கணக்கில் ஏறாது.

தள்ளிவிட்ட பழைய பெட்டி எங்கே போகிறது? டில்லியில் சீலம்பூர் என்று ஒரு பகுதி. தேசத்தின் பல மூலைகளிலிருந்தும் வரும் இப்படிப்பட்ட பிணங்களை அங்கே அறுக்கிறார்கள். தாமிரத்துக்காக வயர்களை எரிப்பதும், உலோகத்துக்காகப் போர்டுகளை அமிலத்தில் முக்குவதும் வெறுங்கையால் நடந்திருக்கின்றன, பையன்களும் செய்திருக்கிறார்கள். 2022-ஆம் வருஷம் உலகத்தில் சேர்ந்த மின்சாதனக் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன் என்று ஐக்கிய நாட்டு ஸ்தாபனங்களின் அறிக்கை சொல்கிறது. அதில் நூற்றுக்கு இருபத்திரண்டு பங்குதான் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது. 'மலிவாக முடிந்தது' என்று நாம் சொல்லும்போது, மிச்சச் செலவை எவனோ ஒரு பையன் தன் நுரையீரலால் கொடுத்துவிடுகிறான்.

சிலர் தள்ளுவதில்லை, தானம் செய்கிறார்கள். ஏழைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டோம் என்று திருப்தியும் அடைகிறார்கள். கடோபநிஷத்தில் நசிகேதனின் தகப்பனார் வேள்வியில் பால் மறத்த கிழப் பசுக்களைத் தானம் கொடுத்ததைப் பார்த்துத்தான் அந்தச் சிறுவன் கலங்கினான். பத்து நிமிஷத்தில் அணைகிற கம்ப்யூட்டரைக் கொடுப்பதும் அந்த ஜாதி தானம்தான். ஐந்நூறு ரூபாய் செலவழித்துத் துடைத்து ஓடவைத்துக் கொடுத்தால், அதுவே பால் கறக்கிற பசு.

சர்க்காரும் சும்மா இல்லை. பழுது பார்த்துக்கொள்ளும் உரிமைக்கென்று நம் மத்திய அரசு 2022 டிசம்பரில் ஓர் இணையதளம் திறந்தது; ஐரோப்பிய யூனியன் 2024-இல் சில வகைச் சாமான்களுக்குச் சட்டமே இயற்றியது. உதிரிச் சாமானைக் கொடு, செய்முறையை மறைக்காதே என்று உற்பத்தி செய்கிறவனை அவை நிர்ப்பந்திக்கலாம். திறந்து பார்த்தவனுக்குக் கூலி கொடு என்று நம்மை எந்தச் சட்டம் நிர்ப்பந்திக்கும்?

எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் இருக்கிறார். ஐம்பது வயசுக்காரர், மாடிப்படிக்குக் கீழே கடை. சுவரில் அட்டையில் எழுதி மாட்டியிருக்கிறார்: 'திறந்து பார்க்க ரூபாய் 200. பழுது இருந்தாலும் இல்லாவிட்டாலும்.' வருகிறவர்களில் பாதிப் பேர் அதைப் படித்துவிட்டு, "பார்க்கிறதுக்குமா?" என்று கேட்கிறார்கள். அவர் பதில் சொல்லாமல் கையிலிருக்கும் வேலையைப் பார்க்கிறார். தெருவுக்கு எதிர்ப்பக்கம் புதிதாக ஒரு கடை வந்திருக்கிறது. கண்ணாடிக் கதவு, குளிர்சாதன வசதி. 'செக்கிங் இலவசம்' என்று வாசலிலேயே எழுதிப் போட்டிருக்கிறார்கள்.