இன்னும் ஓர் ஆண்டு

நன்மையான ஒன்றைக் கட்டளையால் விளைவிக்க முடியுமா? 2021ஆம் ஆண்டு நம் நாட்டு வயல்கள் இவ்வினாவை நம்முன் வைத்தன. அவ்வாண்டு மே மாதம் இரசாயனப் பசளைகள், கிருமிநாசினிகள் ஆகியவற்றின் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நாடு முழுவதும் உடனடியாகச் சேதனப் பசளைக்கு மாறவேண்டும் எனப் பணிக்கப்பட்டது.

விவசாயிகள் மறுத்துக் குரல் எழுப்பியபோது, அவர்களை நஞ்சுக்கும் இலாபத்துக்கும் அடிமைப்பட்டவர்கள் என எண்ணுவது எளிதாயிருந்தது. ஆனால் யூலை மாதம் வெரிட்டே ரிசர்ச் நிறுவனம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயிகளிடம் நடத்திய கருத்தாய்வில், 64 சதவீதத்தினர் சேதன விவசாயத்தைக் கொள்கையளவில் ஆதரித்தனர். அவ்வாறு ஆதரித்தவர்களிலும் பெரும்பாலோர் ஓராண்டுக்கு மேற்பட்ட அவகாசம் வேண்டும் என்றனர்.

இரசாயனத்தின் தீங்கை அவர்கள் அறியாதவர்கள் அல்லர். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கற் கிணறுகளில் நைத்திரேற்று கலந்திருப்பதை அந்நீரைப் பருகுவோரே அறிவர். ஆயினும் கணக்கு ஒன்று உண்டு. 50 கிலோ யூரியா மூடையில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. நூற்றுக்கு ஒரு பங்கு நைதரசன் கொண்ட கூட்டெருவில் அதே அளவைப் பெற 2,300 கிலோ தேவை. அதை யார் ஆக்குவது, யார் சுமப்பது? 1962 முதல் மானியம் கொடுத்து இரசாயனப் பசளையைப் பழக்கியதும் அரசே அன்றோ?

நவம்பரில் தடை நீங்கிற்று. அதற்குள் பெரும்போகம் தொடங்கியிருந்தது. விளைச்சல் வீழ்ந்தது, 2022இல் அரிசி இறக்குமதியாயிற்று. பிழையான முடிவின் சுமை ஏழையின் உலைப்பானையில் இறங்கியது.

கனி கொடாத அத்திமரம் பற்றி ஆண்டவர் இயேசு சொன்ன உவமை இங்கு நினைவுக்கு வருகிறது. மூன்று ஆண்டுகளாகக் கனி காணாத உரிமையாளர் மரத்தை வெட்டச் சொல்கிறார். தோட்டக்காரரோ, இன்னும் ஓராண்டு விட்டுவைக்குமாறு வேண்டுகிறார். மரத்தின் குறையை அவர் மறுக்கவில்லை. சுற்றிலும் கொத்தி எருவிடும் வேலையைத் தாமே ஏற்றுக்கொள்கிறார். காலம் கேட்டவர் தம் உழைப்பையும் உடன் வைக்கிறார்.

மனமாற்றம் மனிதருக்கு மட்டுமல்ல, மண்ணுக்கும் காலம் எடுக்கும். அக்காலத்தில் குறையும் விளைச்சலின் இழப்பை உழுபவர் தனியே தாங்கவேண்டும் என்பது நீதியாகாது. நஞ்சற்ற உணவை விரும்பும் நாம், சந்தையில் மலிவானதையே தேடி எடுக்கிறோம். சேதன நெல்லுக்குரிய நியாய விலையைக் கொடுக்க மனமில்லாதபோது, விவசாயிக்கு அறம் போதிக்கும் தகுதி நமக்கு ஏது? நம் பங்குகளில் உள்ள விவசாயிகளிடம் ஒரு மூடை நெல்லையாவது அவர்கள் சொல்லும் நியாய விலைக்கு வாங்குவோமாக. தோட்டக்காரரின் மண்வெட்டியில் நம் கையும் படட்டும்.