பயந்து ஓடிய பில்

மாயக்கதையில் குதிரை என்றால் காற்றாய்ப் பறக்கும் வெள்ளைப் புரவியைத்தான் எதிர்பார்ப்போம். டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலிலும் அப்படி ஒன்று உண்டு: மந்திரவாதி காண்டால்ஃபின் ஷேடோஃபாக்ஸ். எதிரிப் படைத்தலைவன் கோட்டை வாசலை உடைத்துக்கொண்டு உள்ளே வரும்போதும் சிலை மாதிரி நிற்கும். பிரமாதம். கும்பிடத் தோன்றுகிறது, தடவிக்கொடுக்கத்தான் தோன்றவில்லை.

என் ஓட்டு பில் என்கிற மட்டக்குதிரைக்கு.

ப்ரீ என்ற ஊரின் சத்திரத்தில் கதாநாயகன் ஃப்ரோடோவும் நண்பர்களும் தங்கிய இரவில், லாயத்திலிருந்த குதிரைகள் எல்லாம் காணாமல் போகின்றன. விடிந்ததும் தேடினால் விலைக்குக் கிடைப்பது ஒன்றே ஒன்று. பில் பெர்னி என்கிற போக்கிரியிடம் எலும்பும் தோலுமாய், பட்டினி கிடந்து சோர்ந்துபோன பிராணி. வந்தவர்களுக்கு வேறு வழியில்லை என்று தெரிந்துகொண்டு 12 வெள்ளிக்காசு கேட்கிறான். அந்த வட்டாரத்தில் அதற்கு மூன்றில் ஒரு பங்கு கொடுத்தாலே அதிகம். பாவம், பணத்தைக் கொடுத்தவர் சத்திரக்காரர். ஊரைவிட்டுப் போகும்போது வேலிக்கு அந்தப்பக்கம் நின்று நக்கலடிக்கும் பெர்னியின் மூக்கைக் குறிபார்த்துத் தோட்டக்காரன் சாம் ஓர் ஆப்பிளை வீசுகிறான். நல்ல ஆப்பிள் வீணாயிற்றே என்பது மட்டும்தான் அவன் வருத்தம்.

விற்றவன் பெயரே குதிரைக்கும் நிலைத்துவிடுகிறது. வழியில் தங்கும் ரிவெண்டெல் என்ற இடத்தில் இரண்டு மாதம் நன்றாய்த் தின்று தேறியதில் உடம்பில் மினுமினுப்பு ஏறுகிறது. அடுத்த பயணத்துக்கும் பில் வந்தே ஆகவேண்டும் என்று சாம் பிடிவாதம் பிடிக்கிறான். மூட்டை சுமக்கும் வேலைதான், வேறொன்றுமில்லை.

மோரியா சுரங்கத்தின் வாசலில் சிக்கல். இருட்டுக்குள் குதிரையைக் கூட்டிப்போக முடியாது. வெளியே விட்டால் ஓநாய்கள். சாம் சண்டை போடுகிறான். பில் அவன் காதருகே மூக்கை வைத்து உரச, அழுதுகொண்டே வார்களை அவிழ்த்து மூட்டைகளைக் கீழே தள்ளுகிறான். காண்டால்ஃப் அதன் தலையில் கைவைத்து, பத்திரமாய் வீடு போய்ச்சேர நல்வாக்குச் சொல்கிறார். அதற்குள் ஏரியிலிருந்து ஏதோ ஒன்று நீண்டு ஃப்ரோடோவின் காலைப் பிடிக்கிறது. பில் அலறிக்கொண்டு ஓடியே போய்விடுகிறது. அதன் பின்னால் பாய்ந்த சாம், ஃப்ரோடோவின் குரல் கேட்டதும் திரும்பி ஓடிவருகிறான்.

இந்த இடம்தான் எனக்கு முக்கியம். ஆபத்தில் குதிரை சாமை விட்டு ஓடியது. சாமும் குதிரையை விட்டுவிட்டுத் திரும்பினான். நன்றிகெட்ட பிராணி என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வளர்த்தவனுக்காக உயிரை விட்டால்தான் நல்ல பிராணி என்று கதைகள் நம்மைப் பழக்கிவைத்திருக்கின்றன. பிராணிக்கு மட்டுமா, வீட்டு மனிதர்களுக்கும் அதே பரீட்சைதான். ஒரு நெருக்கடியில் பின்வாங்கியவரை இருபது வருஷம் கழித்தும் கல்யாண வீட்டில் சொல்லிக்காட்டுகிறோம். பில் வீரம் எதுவும் காட்டவில்லை. மூட்டை தூக்கியது, பக்கத்தில் நின்றது, பயந்தபோது ஓடியது. சாமுக்கு அது போதுமாயிருந்தது.

யுத்தமெல்லாம் முடிந்து ப்ரீக்குத் திரும்பினால், பில் தானாகவே லாயத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அதைச் சத்திரக்காரர் சொல்லும்வரை சாமுக்கு மற்ற வெற்றிகள் பாதிதான் இனித்திருக்கும்.

சொந்த ஊர் எல்லையில் வாசல் காவலுக்கு நிற்பவன் யாரென்றால், அதே பில் பெர்னி. விரட்டியதும் குதிரைகளைத் தாண்டி ஓடுகிறான். பில் பின்னங்காலால் விட்ட உதை சரியாய்ப் போய்ப் படுகிறது. அவன் ஊளையிட்டுக்கொண்டு இருட்டில் மறைந்தவன்தான். பலே பில் என்று சாம் மெச்சுகிறான். எந்த பில் என்று டோல்கீனே தனியாகச் சொல்லவேண்டியதாயிற்று.