நிறைவேறாத குற்றம்

தீமை செய்ய உடன்பட்ட ஒருவன், அதனைச் செய்து முடிக்க இயலாமற்போனால், அவன் குற்றவாளியா? பழமையான இவ்வினாவை ஒரு பந்து வீச்சாளரின் வாழ்க்கை மீண்டும் நம்முன் நிறுத்துகின்றது.

தென்னாப்பிரிக்காவின் ஹென்றி வில்லியம்ஸை இன்று நினைவில் வைத்திருப்போர் சிலரே. தம் நாட்டுக்காக அவர் ஆடிய ஒருநாள் போட்டிகள் ஏழு மட்டுமே. 2000 மார்ச் 19 அன்று நாகபுரியில் இந்தியாவுடன் நடந்த ஆட்டத்துக்கு முன், அணித்தலைவர் ஹான்சி குரோனியே அவருக்கும் ஹெர்ஷல் கிப்ஸுக்கும் தலைக்கு 15,000 டாலர் தருவதாகச் சொன்னார் என்பது கிங் விசாரணை ஆணையத்தின் முன் வந்த சாட்சியம். கிப்ஸ் 20 ஓட்டங்களுக்குள் ஆட்டமிழக்க வேண்டும்; வில்லியம்ஸ் 50 ஓட்டங்களுக்கு மேல் விட்டுக்கொடுக்க வேண்டும். இருவரும் இசைந்தனர் என்கிறது அச்சாட்சியம்.

நடந்ததோ வேறு. கிப்ஸ் 74 ஓட்டங்கள் குவித்தார். வில்லியம்ஸ் தமது இரண்டாவது ஓவரை முடிக்குமுன்னரே தோளில் காயமுற்று வெளியேறினார். ஆயினும் இருவருக்கும் அவ்வாண்டின் இறுதிவரை சர்வதேச ஆட்டம் தடை செய்யப்பட்டது. குரோனியேவுக்கோ ஆயுட்காலத் தடை.

இது முறையா? குழித்துறைச் சந்தையில் வணிகர் ஒருவர் எடை குறைந்த படிக்கல்லைத் தராசருகே வைத்துக் காத்திருக்கிறார் என்று கொள்வோம். அன்று பெருமழை; வாங்குவோர் எவரும் வரவில்லை. யாருக்கும் நட்டமில்லை. ஆனால் அன்று மோசடியைத் தடுத்தது மழையேயன்றி அவர் மனமன்று. நிய்யத்தைக் கொண்டு செயலை மதிப்பிடப் பழகிய நமக்கு இவ்வேறுபாடு புதிதன்று.

கல்லைத் தாமே எடுத்தெறிந்தவர் வேறு. மழையால் தடுக்கப்பட்டவர் வேறு. கிப்ஸ் தம் மட்டையாலேயே பேரத்தை முறித்தார். வில்லியம்ஸிடமிருந்து அந்தக் காயம் தீமை செய்யும் வாய்ப்பை மட்டுமா பறித்தது? மனந்திருந்தி மீளும் வாய்ப்பையும் பறித்துவிட்டது. தோள் நலமாயிருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்பதை எந்த நீதிமன்றமும் அறிய முடியாது. எனவே மனிதரின் தீர்ப்பு, தெரிந்தவற்றோடு நிற்க வேண்டும்: இசைந்தனர், தில்லிக் காவல்துறை 2000 ஏப்ரலில் சூதாட்டப் பேரத்தை வெளிப்படுத்தும்வரை வாய் திறவாதிருந்தனர். அவ்வளவுக்கே அவர்களுக்குத் தண்டனை.

தலைமை என்பது அமானிதம். இளைய வீரனின் இடம் தலைவனின் சொல்லில் இருக்கையில், மறுப்பது அரிது. ஆகவே கேட்டவனின் பாவம் பெரிது. எனினும் அரிது என்பதால் மறுக்கும் கடமை நீங்கிவிடுவதில்லை. நம் பிள்ளைகளுக்கு நாம் கற்பிக்க வேண்டியது, மூத்தவரிடமும் பணிவோடு “முடியாது” என்று சொல்லும் துணிவையே.