ஓசையும் உண்மையும்

உயிருள்ளவையே முறையிடும்; உயிரற்றவை வாளா இருக்கும் என்பது பொதுவான எண்ணம். ஆயினும் தேய்ந்த அச்சு கிறீச்சிடுகின்றது. தளர்ந்த மூட்டு மேடுபள்ளம் கண்டபோதெல்லாம் தட்டுகின்றது. காய்ந்த ரப்பர் முனகுகின்றது. இவ்வோசைகளைக் கேட்கும் மனிதன் முன்னே இரண்டு வழிகள் உள்ளன. ஓசையை நிறுத்துதல் ஒன்று. ஓசைக்குரிய காரணத்தை நீக்குதல் மற்றொன்று. மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு இரண்டும் ஒன்றெனவே தோன்றும். ஆழ்ந்து நோக்கின், அவற்றிடையே உள்ள வேறுபாடு பொறியியல் சார்ந்தது மட்டுமன்று, அறஞ்சார்ந்ததும் ஆகும் என்பது புலப்படும். அதனைத் தெளிந்துகொள்ளச் சிங்கப்பூர்ச் சாலைகளில் ஓடும் முதிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றே போதிய சான்றாகும்.

தமிழர் தேக்கா என வழங்கும் வட்டாரம் ஒருகாலத்தில் மாடுகளும் மாட்டு வண்டிகளும் நிறைந்த நிலமாக இருந்தது. கண்டாங் கெர்பாவ் என்னும் அதன் மலாய்ப் பெயர் எருமைத் தொழுவத்தையே குறிக்கும். சிராங்கூன் சாலையை ஒட்டிய பஃபலோ சாலை இன்றும் அந்நினைவைத் தாங்கி நிற்கின்றது. மையிடாத அச்சு கத்தும். கத்தும் அச்சு சூடேறும். சூடேறிய அச்சு தேயும். தேய்ந்த அச்சு ஒருநாள் ஒடியும். இது வண்டியோட்டிகள் வழிவழியாகப் பெற்ற அறிவு. நெடுவழி செல்லும் உப்பு வணிகர் மாற்றச்சு ஒன்றையும் வண்டியின் அடியிற் கட்டிச் சென்ற செய்தி புறநானூற்றில் உண்டு. மென்மையான மயிலிறகேயாயினும் அளவின்றி ஏற்றினால் அச்சு முறியும் என்பது வள்ளுவர் காட்டிய உண்மை. பெருங்கேடுகள் பலவும் சிறுகச் சிறுகச் சேர்வனவே. அவை சேர்ந்து வருவதை முன்னரே அறிவிக்கும் தூதுவனாக ஓசை வருகின்றது.

மாட்டு வண்டிகள் ஓடிய இத்தீவிற்கு முதல் மோட்டார் கார் 1896-ஆம் ஆண்டில் வந்து சேர்ந்தது. 1961 முதல் 1973 வரை பழைய அப்பர் தாம்சன் சாலையில் கார்ப் பந்தயங்கள் நடைபெற்றன. பின்னர் நிறுத்தப்பட்ட பந்தயம் 2008-இல் மரினா பேயில் இரவுப் பந்தயமாக மீண்டும் தொடங்கியது. விரைவை விரும்பும் உள்ளங்கள் இங்குக் குறைந்ததில்லை. ஆனால் நிலமோ சிறிது, சாலைகளோ அளவுடையன. எனவே 1990-ஆம் ஆண்டு மே மாதம் முதல் வாகன உரிமைச் சான்றிதழ் முறை நடைமுறைக்கு வந்தது. சான்றிதழின் ஆயுள் பத்தாண்டு. அதன்பின் காரை அழிக்க வேண்டும்; அல்லது ஏற்றுமதி செய்ய வேண்டும்; அல்லது அந்நாளைய சராசரி விலையைச் செலுத்தி ஐந்தாண்டுக்கோ பத்தாண்டுக்கோ புதுப்பிக்க வேண்டும். பத்தாண்டு கடந்த கார் ஆண்டுதோறும் ஆய்வுக்குச் செல்ல வேண்டும். சாலை வரியும் ஆண்டுக்கு ஆண்டு கூடி ஐம்பது விழுக்காடுவரை மிகும். 2023-இல் சிறிய கார்களுக்கான சான்றிதழே 100,000 வெள்ளியைத் தாண்டியது.

இத்தகைய ஊரில் முப்பதாண்டு முதிர்ந்த காரை ஒருவர் காத்துவருகின்றார் எனின், அது கணக்குப் பார்த்துச் செய்யும் செயலாகாது; அன்பினாற் செய்யும் செயலேயாகும். 1989-ஆம் ஆண்டு சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான மாஸ்டா எம்எக்ஸ்-5 என்னும் இருவர் அமரும் காரை எடுத்துக்கொள்ளலாம். அதன் ஒவ்வொரு சக்கரத்தையும் மேலொன்று கீழொன்றாக இரண்டு இரும்புக் கைகள் பற்றி நிற்கின்றன. கைகள் உடற்சட்டத்தோடு சேருமிடங்களில் புஷ் எனப்படும் ரப்பர்ச் சுற்றுகள் உள்ளன. சக்கரம் திரும்புமிடத்தில், மாந்தரின் தோளில் அமைந்தது போன்ற பந்துக் கிண்ண மூட்டு உள்ளது. சுருள்வில் பாரத்தைத் தாங்குகின்றது. இராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்ட விதிப்படி, அழுத்தத்திற்கு ஏற்ப அது சுருங்கும்; விட்டால் மீளும்; மீண்டும் மீண்டும் ஆடும். அவ்வாட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர் என்னும் அதிர்வடக்கி. எண்ணெயைச் சிறு துளைகளின் வழியே செலுத்தி அசைவின் ஆற்றலை அது வெப்பமாக மாற்றிவிடுகின்றது.

அந்த ரப்பருக்கும் தமிழர் வரலாற்றுக்கும் உறவுண்டு. 1877-ஆம் ஆண்டில் 22 ரப்பர்க் கன்றுகள், பூமலை எனத் தமிழர் வழங்கும் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தை வந்தடைந்தன. பின்னர் அத்தோட்டத்தின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் மீண்டும் மீண்டும் பால் எடுக்கும் முறையை வகுத்தார். மலாயாத் தோட்டப்புறங்களில் விடியலுக்கு முன்னெழுந்து அம்மரங்களில் பால்வெட்டிய கைகளுட் பெரும்பாலானவை தமிழர் கைகள். உலகின் சக்கரங்களுக்கு மென்மை தந்த பொருள், வன்மையான வாழ்வு வாழ்ந்தோரின் உழைப்பிலே விளைந்தது. அம்மென்மை காலத்தால் காய்ந்து வெடிக்கும்போதுதான் கார் முனகத் தொடங்குகின்றது.

ஓசை எழுந்தவுடன் மனிதனை மூன்று மயக்கங்கள் சூழ்கின்றன.

முதலாவது, கேளாதிருத்தல். வானொலியின் ஒலியைக் கூட்டிவிட்டால் தட்டும் ஓசை மறைந்துவிடும்; மூட்டின் தேய்மானம் மறையாது. இரண்டாவது, ஓசையை மட்டும் அடக்குதல். முனகும் புஷ்ஷின்மீது இயந்திர எண்ணெயைத் தெளித்தால் சில நாள் அமைதி கிடைக்கும். ஆனால் கனிம எண்ணெய் இயற்கை ரப்பரை உப்பச் செய்து இளகவைத்துவிடும். அமைதி தந்த மருந்தே உறுப்பைத் தின்னத் தொடங்குகின்றது. மூன்றாவது, ஆராயாமலே எல்லாவற்றையும் மாற்றுதல். வில்லை மாற்று, கையை மாற்று, அதிர்வடக்கியை மாற்று என்று மாற்றிக்கொண்டே சென்றால், ஏதோ ஒன்றில் ஓசை நிற்கக்கூடும். நின்றாலும் காரணம் எதுவெனத் தெரியாது. பொருட்செலவோடு அறிவிழப்பும் நேர்கின்றது. கேளாமை சோம்பலிலும், அடக்குதல் அவசரத்திலும், ஆராயாமல் மாற்றுதல் செருக்கிலும் பிறக்கின்றன.

நேரிய வழி யாது? நோய் இன்னதென ஆராய்ந்து, அதன் முதற்காரணம் கண்டு, பின்னரே தணிக்கும் வழியை நாடவேண்டும் என்பது திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் வகுத்த நெறி. தேர்ந்த பட்டறைத் தொழிலாளர் அந்நெறியிலேயே நிற்கின்றார். அவர் முதலில் கருவியை எடுப்பதில்லை, வினாவைத் தொடுக்கின்றார். ஓசை எப்போது எழுகின்றது? சிறு மேடுகளில் மெல்லச் செல்லும்போது தட்டுகின்றதா? அப்படியாயின் உடற்சாய்வைத் தடுக்கும் கம்பியின் இணைப்புகளை ஐயுறலாம். பிரேக் இடும்போது ஒருமுறை இடிக்கின்றதா? கீழ்க்கையின் புஷ் தளர்ந்திருக்கலாம். நின்றபடியே சக்கரத்தைத் திருப்பும்போது முறுகுகின்றதா? பந்துக் கிண்ண மூட்டைப் பார்க்கவேண்டும். மழைநாளில் ஓசை மறைந்து வெயிலில் மீள்கின்றதா? காய்ந்த ரப்பரே பேசுகின்றது.

பிறகு அவர் எளியதிலிருந்து தொடங்குகின்றார். பின்பெட்டியில் தூக்குகருவியும் மாற்றுச் சக்கரமும் கட்டவிழ்ந்து கிடக்கின்றனவா எனப் பார்க்கின்றார். அன்று மாற்றச்சைக் கட்டிய கயிறு தளர்ந்தால் எழும் ஓசையும் அத்தகையதே. புகைக்குழாயின் காப்புத்தகடு ஆடுகின்றதா எனத் தட்டிப் பார்க்கின்றார். இரும்பின் வழியே ஒலி நெடுந்தொலைவு செல்லும் ஆதலின், முன்னே பிறந்த ஓசை பின்னே கேட்கலாம். செவி சுட்டுமிடத்தை நம்பிவிடாமல் நீண்ட திருப்புளியின் முனையை உறுப்பில் ஊன்றி, பிடியைச் செவியருகே வைத்துக் கேட்கின்றார். ஐயத்துக்குரிய புஷ்ஷின்மீது எண்ணெய்க்குப் பதில் தண்ணீரைத் தெளிக்கின்றார். எந்த ஒன்று நனைந்ததும் ஓசை நிற்கின்றதோ அதுவே குற்றவாளி. தண்ணீர் உண்மையைச் சொல்லும், உறுப்பையும் கெடுக்காது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிச் சோதிப்பது அவர் கடைப்பிடிக்கும் ஒழுக்கம்.

காரைத் தூக்கி நிறுத்தினால் பாரம் நீங்கும். பாரம் நீங்கினால் சில மூட்டுகளின் தளர்ச்சி வெளிப்படும். வேறு சிலவற்றின் ஓசை அடங்கிவிடும். எனவே சுமை தாங்கும் நிலையிலும் தாங்காத நிலையிலும் சோதிக்க வேண்டும். புதிய ரப்பர்ப் புஷ்ஷைப் பொருத்தும்போதும் இவ்வுண்மை பயன்படுகின்றது. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது திருகை இறுதியாக இறுக்கிவிட்டால், காரைக் கீழே இறக்கியவுடன் ரப்பர் முறுக்குண்டு, விரைவிலேயே கிழியும். கார் தன் பாரத்தைத் தாங்கி இயல்பான உயரத்தில் நிற்கும்போதே இறுக்க வேண்டும். உழைக்கும் நிலை எதுவோ அந்நிலையில் வைத்தே ஒன்றைச் செம்மை செய்ய வேண்டும் என்பது இரும்புக்கு மட்டும் உரிய விதியன்று.

இங்கே ஒரு கூர்மையான வினா எழுகின்றது. ஒரு மணிநேரம் தேடி, தளர்ந்த திருகு ஒன்றை இறுக்கிக் கொடுத்தவருக்குக் கூலி கொடுக்கலாமா? புதிய உறுப்புக்கு ஐந்நூறு வெள்ளி தரத் தயங்காத பலர், தேடிய உழைப்புக்கு ஐம்பது வெள்ளி தர முகம் சுளிக்கின்றனர். கையிலெடுத்துப் பார்க்கத்தக்க பொருளுக்கு விலையுண்டு. கண்டறிந்த உண்மைக்கு விலையில்லை என்பது அவர்கள் எண்ணம். இதன் விளைவு யாது? உறுப்பை மாற்றினால்தான் வருவாய் என்று பட்டறைக்குக் கற்பிப்பவர் வாடிக்கையாளரேயாவார். காரின் அடிப்பாகத்தைக் காணாத உரிமையாளர், கண்டவரின் சொல்லையே நம்பி நிற்கின்றார். அந்நம்பிக்கையைத் தவறாகப் பயன்படுத்துவது தொழிலாளரின் குற்றம்; அந்நேர்மைக்கு மதிப்பளியாதது உரிமையாளரின் குற்றம். நோயாளி, மருத்துவர், மருந்து, துணைநிற்பவர் என மருத்துவத்திற்கு உறுப்புகள் நான்கு என்றார் வள்ளுவர். நான்கில் ஒன்று பொய்த்தாலும் நோய் தீராது.

‘இத்துணைப் பாடு எதற்கு? பழையதைக் கழித்துவிட்டுப் புதியதை வாங்கலாகாதா?’ எனக் கேட்போர் உளர். அவர் கூற்றை எளிதில் தள்ளிவிடுதல் முறையன்று. நெரிசலும் புகையும் பொதுமக்களைத் தாக்குவன. தனியொருவரின் அன்பு பிறருடைய பாதுகாப்புக்கு ஊறாகலாகாது. பந்துக் கிண்ண மூட்டு விரைவுச் சாலையில் கழன்றால், சக்கரம் சரிந்து விழும். உயிரிழப்பு காருக்கு உரியவரோடு நில்லாது. ஆதலின் சட்டம் விதிக்கும் ஆண்டாய்வு அறத்தின் பாற்பட்டதே. முதிய பொருளைக் காப்பவருக்கு உரிமையைவிடப் பொறுப்பே மிகுதி. ஆயினும் கழித்துவிடுவது மட்டுமே அறிவுடைமையாகாது. பழுதறிந்து திருத்தும் பழக்கம் அற்றுப்போன சமுதாயத்தில், புதிய பொருளும் முதல் ஓசை எழும்வரைதான் புதியதாக இருக்கும். மாஸ்டா நிறுவனமே தன் முதற்றலைமுறை எம்எக்ஸ்-5 கார்களைப் புதுப்பித்துத் தரும் பணியை 2017-இல் ஜப்பானில் அறிவித்தது. ஆக்கியவர் கடமை விற்றவுடன் முடிவதில்லை என்பதற்கு அது ஓர் எடுத்துக்காட்டு.

எல்லா ஓசைகளும் நோயல்ல என்பதையும் மறத்தல் கூடாது. முதுமைக்குரிய சில சிறு ஒலிகள் தீங்கற்றவை; அவற்றைத் துரத்திக்கொண்டே திரிவது வீண். அதேபோல எல்லா அமைதியும் நலமன்று. அதிர்வடக்கி சிறிது சிறிதாக எண்ணெய் கசிந்து வலுவிழக்கும்போது பெரும்பாலும் ஓசை எழுவதில்லை. ஓட்டுநரும் அதற்குப் பழகிவிடுகின்றார். நனைந்த சாலையில் விரைந்து பிரேக் இடும் நாளில்தான், சக்கரம் தரையைப் பற்றாமல் துள்ளுவது தெரியவரும். ஓசையிடும் மூட்டு அதற்கு முன்பே எச்சரித்திருக்கும். ஓசையற்ற பழுதே கொடியது.

வகுப்பறையில் நிற்போர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஓயாது ஓசையிடும் மாணவனை ஓர் அதட்டலால் அடக்கிவிடலாம். அது புஷ்ஷின்மேல் எண்ணெய் தெளிப்பது போன்றது. பசியோ, கண் குறைபாடோ, வீட்டுத் துயரோ, பாடம் விளங்காமையோ, உண்மையில் தட்டுவது எது எனக் கேட்டறிவதே ஆசிரியப் பணி. அதற்கு நேரம் செலவாகும். அச்செலவு மதிப்பெண் பட்டியலில் தோன்றாது. கடைசி வரிசையில் ஓசையின்றி அமர்ந்து, நாள்தோறும் சிறிது சிறிதாக நம்பிக்கை கசிந்து வலுவிழக்கும் மாணவனையோ எவரும் முறையிடாமலே தேடிக் காணவேண்டும். முறையிடுவோர்க்குச் செவிகொடுப்பது கடமை. முறையிடாதோரை நாடிச் செல்வது அதனினும் பெரிய கடமை.