சுவிசேஷத்தின் மேல் ஒரு சத்தியம்

கடன்பட்டுப் பதவி வாங்கியவன், அந்தக் கடனை வட்டியும் முதலுமாகப் பிரஜைகளின் மடியிலிருந்துதான் மீட்பான் என்பதை ரோமானியச் சக்கரவர்த்தி ஜஸ்டினியன் நன்கு அறிந்திருந்தார் என்பதற்கு, 535ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அவர் பிறப்பித்த சட்டமே சாட்சி. ‘சுஃப்ராகியம்’, அதாவது ஆதரவு, என்று லத்தீனில் கௌரவமான பெயர் சூட்டி நடந்துவந்த பதவி வியாபாரத்தை அச்சட்டம் தடுத்தது. மாகாணாதிபதியாகிறவன் நான்கு சுவிசேஷங்களையும் கையிலேந்தி, திரியேக தேவனையும் தேவமாதாவையும் மிகாவேல், காபிரியேல் என்னும் தூதர்களையும் சாட்சி வைத்து, பதவிக்காக எவருக்கும் எதுவும் கொடுக்கவில்லையென்று பிரமாணம் செய்ய வேண்டுமென விதித்தது.

தவறினால் யூதாஸின் கதியும் கேயாசியின் குஷ்டமும் காயீனின் நடுக்கமும் தன்னைச் சேரட்டும் என்று அவன் தன்னையே சபித்துக்கொள்ளவும் வேண்டும். கேயாசியைத் தேடிப் பிடித்த குமாஸ்தா மனித சுபாவம் அறிந்தவன். எலிசா தீர்க்கதரிசி வேண்டாமென்று மறுத்த வெகுமானத்தை, அவருடைய வேலைக்காரனான கேயாசி, அதைக் கொடுக்க வந்தவன் பின்னாலேயே ஓடி, எஜமானர் பெயரைச் சொல்லி, இரண்டு தாலந்து வெள்ளியும் இரண்டு மாற்று வஸ்திரங்களுமாக வாங்கி வீட்டில் ஒளித்து வைத்த கதை, எந்தக் கச்சேரி வாசலிலும் நடக்கக்கூடியதல்லவா?

ஆனால், எவ்விதச் சத்தியமும் செய்யலாகாதென்று இயேசு போதித்த மலைப்பிரசங்கமும் மாகாணாதிபதி ஏந்திய அதே புத்தகத்தில்தான் இருக்கிறது. இந்தத் தர்மசங்கடத்தைச் சக்கரவர்த்தி கவனித்தாரோ இல்லையோ, தெய்வ பயத்தை மட்டும் நம்பி அவர் இருந்துவிடவில்லை. பதவி முடிந்தவன் ஐம்பது நாள் அம்மாகாணத்திலேயே, எல்லோர் கண்ணிலும் படும்படி தங்கி, தன்மேல் வரும் பிராதுகளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று ஸீனோ சக்கரவர்த்தி முன்பே செய்திருந்த விதியையும் நிலைநிறுத்தினார். கொள்ளை கொடுத்த குடியானவன் எதிரே வந்து நிற்கக்கூடிய அந்த ஐம்பது நாட்களையே, இரு தேவதூதர்களின் சாட்சியத்தைவிட நான் பெரிதாக மதிக்கிறேன்.

சத்தியம் பதவி பெற்றவனைக் கட்டியது. பதவி கொடுக்கிற சிம்மாசனத்தை அது கட்டவில்லை. அரண்மனைமேல் தீராத வன்மத்தோடு ‘இரகசிய சரித்திரம்’ எழுதிய பிரொக்கோப்பியஸ், ஓராண்டுக்குள் ஜஸ்டினியனே பதவிகளைப் பகிரங்கமாக விலை பேசினார் என்கிறார். பகைவன் வாக்கென்று அதில் பாதியைத் தள்ளிவிடலாம். ஆயினும் அடுத்துவந்த இரண்டாம் ஜஸ்டின், 569இல், அந்த நோய்க்கே மறுபடியும் மருந்து தேட நேர்ந்தது. மாகாணத்து மேற்றிராணிமார்களும் நிலமுடைய முதன்மையானவர்களும் தங்களுக்கு வேண்டிய அதிபதியைத் தாங்களே சொல்லட்டும், பணம் வாங்காமல் நியமிக்கிறேன் என்று அவர் சட்டம் செய்தார்.