கண்ணாடிக்குப் பின்னால ஒரு உடம்பு

பொய் சொல்லும் தொழிலில் ஒரு வாரம் வேலை பார்த்திருக்கிறேன். அப்போது எனக்கு வயசு பன்னிரண்டு. 1984 தைப்பூசம், வடலூர்த் திடல். நாளுக்கு ரெண்டு ரூபாயும் மூணு வேளை சோறும் சம்பளம். அந்த ஒரு வாரத்தில் நான் கூட நின்று காப்பாற்றிய ரெண்டு பொய்களைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். பொய் எப்போது தப்பு, யாரிடம் சொன்னால் தப்பு, உண்மை தெரிந்தவன் வாயை மூடிக்கொண்டிருக்கலாமா? இதுக்கெல்லாம் அறநூல்களில் பதில் இருக்கலாம். ஆனால் அறநூல் எழுதிய யாரும் கொட்டாய்க்குப் பின்பக்கம் உட்கார்ந்து கண்ணாடி துடைத்தவர்கள் இல்லை.

எங்களுக்குக் கம்மாபுரம் பக்கம். ஊர்ப் பேரைச் சொல்லவில்லை, சொன்னால் எந்தத் தெரு என்று கேட்பீர்கள். வருஷத்துக்கு ஒரு தடவை எங்கள் காலனி சனம் மொத்தமும் மந்தாரக்குப்பம் போய் பஸ் பிடித்து வடலூர்ப் பூசத்துக்குப் போகும். நெய்வேலியில் வட்டம் வட்டமாக நம்பர் போட்ட குவார்ட்டர்ஸ் ஆட்களும் வருவார்கள், விருத்தாசலம், குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக் குடியானவர்களும் வருவார்கள். ஒரு பக்கம் வள்ளலாரின் சத்திய ஞான சபை. இன்னொரு பக்கம் ராட்டினம், மரணக் கிணறு, வளையல் கடை, பொரிகடலை, பேரீச்சம்பழம். அதுக்கு நடுவில்தான் "தலை பேசும் அதிசயப் பெண்" கொட்டாய். வாசலில் மோளம் அடிக்க எங்க மாமாவைக் கூப்பிட்டிருந்தார்கள். மாமா என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

வித்தை இதுதான். மூணு கால் மேசை. மேலே ஒரு தட்டு, தட்டில் ஒரு பெண்ணின் தலை, கழுத்தைச் சுற்றிப் பூ. மேசைக்கு அடியில் ஒண்ணுமில்லை, பின்னால் தொங்கும் கறுப்புத் துணி தெரியும். தலை கண்ணை உருட்டும், பேசும், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும். மைக்கில் முதலாளி கத்துவார்: "உடம்பு இல்லாத தலை! உசுரு உள்ள தலை! அம்பது காசு, அம்பது காசு!"

சூட்சுமம் ரெண்டு கண்ணாடி. முன்கால்ல இருந்து ரெண்டு பின்கால்களுக்கும் 45 டிகிரிச் சாய்வில் நிற்கும். பக்கவாட்டுத் துணி கண்ணாடியில் விழும். பார்க்கிறவனுக்கு அது பின்பக்கத் துணியாகத் தெரியும். கண்ணாடிக்குப் பின்னால் அந்த அக்கா முட்டியை மடக்கிக் குந்தியிருக்கும். இதை லண்டனில் 1865-ல் ஸ்டோடேர் என்கிற வித்தைக்காரர் மேடையேற்றினார், தாமஸ் டோபின் என்பவர் அமைத்துக் கொடுத்தது என்று ரொம்ப காலம் கழித்துப் படித்தேன். லண்டன் துரைமார் வாய் பிளந்த அதே வித்தைக்கு நூத்துச் சொச்சம் வருஷம் கழித்து எங்க சனமும் வாய் பிளந்தது. அறிவுக்கும் ஏமாறுவதுக்கும் சம்பந்தமில்லை என்பதுக்காகச் சொல்கிறேன்.

எனக்கு ரெண்டு வேலை. ஒண்ணு, ஆட்டத்துக்கு ஆட்டம் கண்ணாடியைத் துடைப்பது. ஒரு விரல் ரேகை இருந்தாலும் போச்சு, அது காத்துல தொங்கும். ரெண்டாவது வேலை, முன்னால் கட்டின கயிற்றைத் தாண்டி யாரும் வராமல் பார்த்துக்கொள்வது. "எட்ட நில்லுங்க, எட்ட நில்லுங்க" என்று நான் கத்த வேண்டும். பிறந்ததிலிருந்து மத்தவங்க எங்களைப் பார்த்துச் சொன்ன வார்த்தையை நான் ஊர்க்காரர்களைப் பார்த்துச் சொன்னேன். அவங்களும் எட்ட நின்னாங்க. அந்தச் சந்தோஷத்தை மறைக்க மாட்டேன்.

அந்த அக்கா தெலுங்கு பேசும் கூத்தாடிக் குடும்பம். பதினஞ்சு, பதினாறு வயசு இருக்கும். காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் மடக்கின கால் மடக்கினபடி. ஆட்டத்துக்கு நடுவில் எழுந்து நிற்க முடியாது. "காலு மரத்துப் போச்சுடா தம்பி" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு நடக்கும். ராத்திரி ஒரே சட்டியில் சாப்பிட்டோம். நீ யாரு என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சர்க்கஸில் குழந்தைகளை வேலைக்கு வைக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2011-ல். அப்போது எனக்கு அந்த அக்காவின் கால் ஞாபகம்தான் வந்தது.

இப்போது அந்த ரெண்டு பொய்.

பூசத்துக்கு முந்தின நாள் எங்க ஆண்டை குடும்பத்தோடு வந்தார். எங்க நைனா பண்ணை வேலை பார்த்த வீடு. நான் துணிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவர் செருப்பைக் கழட்டினார். கை ரெண்டையும் கூப்பினார். "தாயி, கிணத்துல தண்ணி வத்திப் போச்சு, வேற எங்க வெட்டலாம்?" தலை கண்ணை மூடித் திறந்து, "தெக்கால வெட்டு, தண்ணி வரும்" என்றது. பத்து ரூபாய் போட்டுவிட்டுப் போனார். எங்க தெருவுக்குள் காலை வைக்காத மனுஷன், ஒரு கூத்தாடிப் பொண்ணின் முன்னால் கும்பிட்டு நிற்கிறார்! உடம்பு தெரிந்தால் திண்ணையில்கூட உட்கார வைக்க மாட்டார். வயிறு வலிக்க நானும் மாமாவும் சிரித்தோம்.

மறுநாள் எங்க ஆயா வந்தது. எங்க சித்தப்பா நாலு வருஷத்துக்கு முன்னாடி வேலை தேடி பெங்களூர் போனவர், கடுதாசி இல்லை. ஆயா முந்தானையில் முடிந்த காசை அவிழ்த்து, "எம்மவன் உசுரோட இருக்கானா ஆத்தா?" என்று கேட்டது. "இருக்கான், வருவான்" என்றது தலை. ஆயா அழுதது. நான் பத்தடி தூரத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்லவில்லை. ராத்திரி தூக்கம் வரவில்லை.

ஆண்டையை ஏமாற்றியது நியாயம், ஆயாவை ஏமாற்றியது பாவம். பன்னிரண்டு வயசில் என் கணக்கு இதுதான். பெரிய இயக்கக்காரர்கள் பலருடைய கணக்கும் இதுதான் என்று பிற்பாடு தெரிந்தது: எதிரியிடம் சொல்கிற பொய் தந்திரம், நம்ம ஆளிடம் சொல்கிற பொய் துரோகம். ஆனால் நடந்தது வேறு.

ஆண்டை ஊருக்குப் போய் தெக்கால கிணறு வெட்டினார். அவரா வெட்டுவார்? எங்க நைனாவும் இன்னும் அஞ்சு பேரும் வெட்டினார்கள். இருபது நாளுக்கு மேல் கடப்பாரையும் கூடையுமாகப் போனார்கள். முப்பது அடி போயும் ஈரம் தெரியவில்லை. தண்ணி வராத கிணத்துக்கு எதுக்குக் கூலி என்று பாதிக் கூலிதான் கொடுத்தார். நைனா உள்ளங்கையில் இருந்த கொப்புளத்தை நான் பார்த்தேன். ஆயாவோ அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஆறு வருஷம் உசுரோடு இருந்தது. சித்தப்பா வரவே இல்லை.

நான் கொண்டாடிய பொய் என் அப்பன் உடம்பில் இறங்கியது. நான் கூனிக் குறுகிய பொய் ஆயாவுக்குச் சோறாயிற்று. ஆக, யாரிடம் சொன்னோம் என்பதை வைத்துப் பொய்யை எடை போட முடியாது. என்ன விளையும் என்பதை வைத்தும் முடியாது, விளைச்சல் முன்கூட்டித் தெரிவதில்லை. இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைத்த ஒரே அளவுகோல் இதுதான்: அந்தப் பொய்யை நிறுத்தி வைக்க யாருடைய உடம்பு மடங்கிக் கிடக்கிறது? அது விழும்போது யாருடைய உடம்பு மேல் விழுகிறது?

இந்த அளவுகோலோடு வருணத்தைப் பாருங்கள். ரிக் வேதத்துப் புருஷ சூக்தம் ஒரு பெரிய உடம்பைச் சொல்கிறது. வாய் பார்ப்பனன், கை சத்திரியன், தொடை வைசியன், பாதத்தில் பிறந்தவன் சூத்திரன். அந்த உடம்பில் நமக்கு இடமே இல்லை. 1946-ல் வந்த 'சூத்திரர்கள் யார்?' நூலில் அம்பேத்கர் இந்தச் சூக்தத்தைப் பிரித்து மேய்ந்திருக்கிறார். நான் அதைப் படித்தபோது மேசை மேல் இருந்த தலைதான் கண்ணுக்கு வந்தது. தலை மட்டும் தெரியணும், சுமக்கிற உடம்பு தெரியக்கூடாது. அதுக்கு ரெண்டு கண்ணாடி வேண்டும், ஒரு கயிறு வேண்டும்.

சென்னையில் 1830 வாக்கில் ஒருவர் அந்தரத்தில் உட்கார்ந்து காட்டினார். சேஷால் என்று வெள்ளைக்காரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். 'காற்றில் மிதக்கும் பிராமணர்' என்று அவருக்குப் பட்டம். கை மட்டும் ஒரு கோலின் மேல் லேசாகப் பட்டிருக்கும். கோலிலிருந்து சட்டைக் கைக்குள் புகுந்து உட்காரும் இடம் வரைக்கும் இரும்புக் கம்பி போகிறது என்பதுதான் பிற்பாடு சொல்லப்பட்ட ரகசியம். அந்த ஒருத்தர் மேல் எனக்குக் கோபமில்லை, அவரும் வயித்துக்கு வித்தை காட்டினவர். ஆனால் ஊர் ஊராக அந்தரத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் கம்பி உண்டு. அந்தக் கம்பி நம்ம முதுகெலும்பு.

அப்படியானால் கொட்டாயும் சாதியும் ஒண்ணா? இல்லை. கொட்டாயில் அம்பது காசு கொடுத்தால் யாரும் போகலாம், பத்து நிமிஷத்தில் வெளியே வரலாம். அந்தக் கூட்டத்தில் ஊரும் சேரியும் தோளோடு தோள் இடித்து நின்றது. சாதிக் கொட்டாய்க்குப் பிறந்தபோதே டிக்கெட் கிழித்துவிடுகிறார்கள், வெளியே போக வழி வைக்கவில்லை. எங்க விருத்தாசலம் பக்கத்திலேயே, புதுக்கூரைப்பேட்டையில், 2003 ஜூலை 8-ல் முருகேசனையும் கண்ணகியையும் விஷம் கொடுத்துக் கொன்று எரித்தார்கள். ரெண்டு பேரும் படித்தவர்கள். அவன் நம்மாளு, அவள் ஊர்த்தெரு. கொன்றவர்களில் அவளைப் பெற்றவரும் கூடப் பிறந்தவரும் உண்டு. கடலூர் நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்று சொல்ல 2021 ஆயிற்று. அவர்களில் பெரும்பாலோர் குற்றவாளிகள் என்பதை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது 2025-ல். பெற்ற மகளை மகளாகத் தெரியாமல் மறைக்கிறது என்றால், அது எவ்வளவு பெரிய கண்ணாடி!

வடலூரில் இன்னொரு கண்ணாடியும் இருக்கிறது. ஞான சபைக்குள் ஜோதிக்கு முன்னால் ஒரு கண்ணாடி, அதுக்கு முன்னால் ஏழு நிறத்தில் ஏழு திரை. பூசத்தன்று திரைகளை விலக்கிக் காட்டுவார்கள். திரை என்றால் அறியாமை. சாதியையும் சமயத்தையும் விடச் சொன்னவர் வள்ளலார். 1867-ல் அவர் மூட்டிய தருமச்சாலை அடுப்பில் இன்றும் சோறு வேகிறது. எங்க ஆயா அங்கே வயிறார சாப்பிட்டது, யாரும் எதையும் கேட்கவில்லை. அதே வள்ளலார் சபையின் வாசலில் கொலை, புலை தவிர்த்தவர்களே உள்ளே வரலாம் என்று பலகை உண்டு. அவர் உயிர் இரக்கத்தில் சொன்னது எனக்குப் புரிகிறது. ஆனால் 'புலை' என்ற எழுத்தை அந்த வயசில் கூட்டிப் படித்தபோது உடம்பு கூசியது. அந்த வார்த்தையை எங்களை நோக்கி எறிந்தவர்கள் இரக்கத்தில் எறியவில்லை. திரையை விலக்கச் சொன்னவர் வாசலிலேயே எனக்கு ஒரு திரை தொங்கியது. வள்ளலாரை நேசிக்கிறவர்கள் இதைக் கோபப்படாமல் யோசிக்க வேண்டும்.

சரி, கண்ணாடியைக் காட்டிக் கொடுத்தால் போதுமா? 'மந்திரமா, தந்திரமா' நிகழ்ச்சிகள் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தீ மிதிப்பார்கள், அலகு குத்திக் கார் இழுப்பார்கள், இதில் சாமி இல்லை பாருங்கள் என்பார்கள். இலங்கையில் ஆபிரகாம் கோவூர் லட்ச ரூபாய் பந்தயம் கட்டிச் சாமியார்களைச் சவாலுக்கு இழுத்தார். எல்லாம் தேவையான வேலை, நானும் கைதட்டியவன்தான். ஆனால் கூட்டம் முடிந்ததும் கைதட்டிய சனம் ஊர்க்காரன் ஊருக்கும் சேரிக்காரன் சேரிக்குமாகத் தனித்தனியாகத்தான் திரும்பிப் போயிற்று.

இதன் காரணத்தை நான் கொட்டாயிலேயே கற்றேன். கண்ணாடி இருப்பது எனக்குத் தெரியும், என் கையால் துடைத்தேன். ஆனாலும் முன்பக்கம் போய்க் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றால் என் கண்ணுக்கும் காலி மேசைதான் தெரிந்தது. தெரிந்துகொள்வதால் காட்சி மாறுவதில்லை. நிற்கிற இடம் மாறணும். சாதி செங்கல் சுவரல்ல, அது மனசில் இருக்கிற எண்ணம் என்று 1936-ல் அம்பேத்கர் எழுதினார். அப்படி எழுதியவர் விளக்கிச் சொல்வதோடு நிற்கவில்லை. இருபது வருஷம் கழித்து, 1956 அக்டோபர் 14-ல், நாகபுரியில் லட்சக்கணக்கானவர்களோடு நிற்கிற இடத்தையே மாற்றினார்.

நைனாவிடம் அந்தத் தலையைப் பற்றி நான் சொன்னது பல வருஷம் கழித்து, அவர் படுக்கையில் கிடந்தபோது. மன்னிப்புக் கேட்கத்தான் சொன்னேன். அவர் சிரித்தார்.

"தெரியும்டா. தலைன்னு ஒண்ணு மேல இருந்தா, கீழ ஒருத்தி குந்திக்கினுதான் இருப்பா. இது கூடவா எனக்குத் தெரியாது?"

"அப்புறம் ஏன் நைனா வெட்டுன?"

"வெட்டலன்னா அன்னிக்கு ஒலைக்கு அரிசி?"

அதுக்கு என்னிடம் பதில் இல்லை. முப்பது வருஷமாகக் கூட்டங்களில் கண்ணாடியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். நைனாவுக்குக் கண்ணாடியை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது கால் காணி நிலம், வெட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டு அன்றைக்கும் சோறு தின்ன ஒரு வழி. பொய்யைப் பொய் என்று சொல்வது பாதி வேலை. அதைச் சுமக்க மறுக்கிற பலத்தை உடம்புக்குக் கொடுப்பது மீதி வேலை. அந்த மீதியில் நாம் எவ்வளவு செய்திருக்கிறோம் என்று என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.